உடற்பயிற்சி நாளில் கூடுதலாகச் சாப்பிடலாமா?

எடை குறைக்க முயல்கிறீர்கள் என்றால், முதலில் உங்கள் தினசரி கலோரிக் கணக்கைப் பாருங்கள். அதில் வாரம் 4 நாள் உடற்பயிற்சி என்று ஏற்கெனவே சேர்த்திருந்தால் கூடுதலாக எதுவும் வேண்டாம். ஒரே செலவை இருமுறை எழுதியதாகிவிடும். எடை இறங்காமல் அடம்பிடிக்கப் பல நேரம் இதுதான் காரணம்.

70 கிலோ எடையுள்ளவர் 45 நிமிடம் சுமாரான வேகத்தில் நடந்தால், சும்மா இருந்தாலே செலவாகும் கலோரியைக் கழித்தபின் தேறுவது சுமார் 130தான். நடை முடிந்து ஒரு மெதுவடை, சர்க்கரை போட்ட காபி என்றால் அதைத் தாண்டிவிடும். கையில் கட்டிய வாட்ச் 300 காட்டும், அப்படியே நம்பாதீர்கள்.

நெடுநேர ஓட்டம் என்றால் கணக்கு வேறு. அதே ஆள் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 700 கலோரி போகும். அதில் பாதியை மட்டும் திருப்பிச் சாப்பிடலாம்: ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம், முடிந்ததும் 2 இட்லி, 2 அவித்த முட்டை. ஒன்றுமே சாப்பிடாவிட்டால் ராத்திரி பசி பிய்த்தெடுக்கும். பிஸ்கட் டப்பா காலியாகும்.

இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம், சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும்.

தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரி எடுங்கள். 3 வாரமாக அசையவில்லையா? அந்தக் கூடுதல் சாப்பாட்டில் முதலில் கை வையுங்கள்.