வெயில் மாதங்களில் சபையாரை உலா அழைத்துச் செல்வது எப்படி

சிங்கப்பூரில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை என்றாலும், ஏப்ரல், மே மாதங்களின் புழுக்கத்தை அனுபவித்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. இங்கே இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையான 37 டிகிரி செல்சியஸ் இரண்டு முறை எட்டப்பட்டிருக்கிறது. 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒரு முறை, 2023 மே மாதத்தில் அங் மோ கியோவில் மறுமுறை. சபைகளில் குடும்ப உலாவுக்கு நாள் குறிப்பதோ பெரும்பாலும் அதை ஒட்டி வரும் ஜூன் பள்ளி விடுமுறையில்தான். ஆகவே எந்த இடத்துக்குப் போகலாம் என்று யோசிப்பதற்கு முன், எந்த நேரத்தில் போகலாம் என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு பேருந்தில் ஏற்றிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதுதான் நம்மிடையே நெடுநாள் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் ஏற்பாடு செய்தேன். மண்டபத்தில் தேநீர் அருந்தி, நலம் விசாரித்து, விட்டுப்போன குடையை எடுத்துவர ஓடியவருக்காகக் காத்திருந்து, பூங்காவில் இறங்கும்போது மணி ஒன்றாகிவிடும். நம் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால் இங்கே உச்சி வெயில் நண்பகல் 12 மணிக்கு அல்ல, பிற்பகல் 1 மணியளவில்தான் அடிக்கிறது. புற ஊதாக் கதிர்களின் தாக்கமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். உலாவுக்கு அதைவிடப் பொருந்தாத வேளையைத் தேடிப் பிடிக்க முடியாது.

சனிக்கிழமை அல்லது பொது விடுமுறை நாளில் காலை 7.30 மணிக்குக் கூடி 10.30 மணிக்குள் முடித்துக்கொள்வது மூத்தோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஏற்றது. ஆனால் கட்டுமானத் தளங்களில் வேலை பார்க்கும் தம்பிகள் பலருக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு நாள். அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் ஞாயிறு மாலை 4.30 மணிக்குத் தொடங்கலாம். ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆறு நாளும் வெயிலில் நின்றவர்களிடமே பனிப்பெட்டியைத் தூக்கச் சொல்லும் பழக்கத்தையும் அன்றைக்கு விட்டுவிடலாம்.

புறப்படும் நாளில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி (myENV) கைப்பேசிச் செயலியில் வெப்ப அழுத்த அளவைப் பார்த்துவிட வேண்டும். காற்றின் வெப்பத்தோடு ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் இந்த அளவு 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் குறைவு என்றும், 31 முதல் 33க்குள் மிதம் என்றும், 33ஐத் தொட்டால் அதிகம் என்றும் கொள்ளப்படுகிறது. மிதம் என்று காட்டினாலே ஓட்டப்பந்தயம், கயிறிழுத்தல் போன்றவற்றைக் கைவிட்டு நிழலில் அமர்ந்து ஆடும் விளையாட்டுகளுக்கு மாறிவிடுவது என் வழக்கம். புகைமூட்டம் இருக்கும் நாளில் காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால், ஆஸ்துமா உள்ளவர்களையும் முதியோரையும் எண்ணி உலாவையே தள்ளிவைக்கலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, குழுவில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ அவரை மனத்தில் வைத்துத் தொடங்க வேண்டும். காலை 5 மணிக்கே திறக்கும் பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், பெருமரங்களின் நிழல் உண்டு, நுழைவுக் கட்டணமில்லை, எம்ஆர்டி ரயில் நிலையமும் வாசலை ஒட்டியே இருக்கிறது. மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டின் தொங்குபாலம் 250 மீட்டர்தான் என்றாலும், அதை அடைந்து திரும்ப ஏழு கிலோமீட்டருக்கும் மேல் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் யாரையும் அழைத்துச் செல்லாதீர்கள். அது வாலிபர் குழுவுக்கு உரிய இடம். பூலாவ் ஊபின் தீவுக்குச் சாங்கி முனையிலிருந்து செல்லும் படகு ஒன்றில் 12 பேர்தான் ஏறலாம் என்பதால், நாற்பது பேர் போனால் நான்கு படகுகள் தேவைப்படும், முதலில் இறங்கியவர்கள் மற்றவர்களுக்காக வெயிலில் காத்து நிற்க நேரிடும். கிழக்குக் கடற்கரையில் அடுப்பு மேடைக்கு முன்பதிவு அவசியம். ஜூனில் அவை விரைவாகத் தீர்ந்துவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உலாவில் எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் எழுந்து நிற்கும்போது தள்ளாடி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் மடியில் இருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடி திறக்கப்படவே இல்லை. "கழிவறை எங்க இருக்குன்னு தெரியலப்பா, அதான் குடிக்கல" என்றார். அன்றிலிருந்து, பேருந்தை விட்டு இறங்கியதும் நான் முதலில் காட்டுவது கழிவறையைத்தான். பாய் விரிப்பதும் அதற்கு அருகில்தான். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை சில மடக்குக் குடிக்கச் சொல்லி, ஒவ்வொரு பாய்க்கும் ஒருவரைப் பொறுப்பாக வைக்கலாம். பனிக்கட்டியில் வைத்த உப்பிட்ட நீர்மோர் நன்று. டின்னில் வரும் விளையாட்டுப் பானங்களில் சர்க்கரை இருப்பதை நீரிழிவு உள்ளவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். இதய நோய், சிறுநீரக நோய் காரணமாகத் தண்ணீரின் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும், சிறுநீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

உணவில் தேங்காய்தான் முதல் எதிரி. தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பும் இந்த வெக்கையில் வெகு சீக்கிரம் கெட்டுவிடும். புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் ஓரளவு தாங்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகுவதால், வீட்டில் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். கேட்டரிங் உணவின் மீது எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்று ஒட்டியிருக்கும். மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பும் நம் பாசம் இங்கே வேண்டாம்.

யாருக்காவது தலைச்சுற்றலும் குமட்டலும் வந்தால் நிழலுக்குக் கொண்டுசென்று, படுக்கவைத்து, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிற வேண்டும். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). உடனே ஆம்புலன்சுக்கு 995ஐ அழைத்துவிட்டு, உடலில் தண்ணீரை ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வைக்கலாம், ஆனால் நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இடிச்சத்தம் கேட்டால் மரத்தடியையும் திறந்த புல்வெளியையும் விட்டுக் கட்டடத்துக்குள்ளோ பேருந்துக்குள்ளோ போய்விட வேண்டும். சுமத்ராவிலிருந்து வரும் சூறைமழை விடியற்காலையில் அடிப்பது இம்மாதங்களில் சாதாரணம் என்பதால், காலை 6 மணிக்கே வானிலையைப் பார்த்துக் குழுவுக்குச் செய்தி அனுப்ப ஒருவர் வேண்டும்.

திரும்பும்போது பேருந்தில் தலை எண்ணுவதை எல்லாரும் செய்கிறார்கள். அன்றிரவு எட்டு மணிக்கு, தனியாக வாழும் மூத்தோர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, இரவு உணவு சாப்பிட்டார்களா, தலைவலி இருக்கிறதா என்று கேட்கும் பொறுப்பையும் பெயர் குறித்து இருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.