தாமதத்துக்கு மன்னிப்பு: எந்தக் கோர்ட்டில், எந்தப் பிரிவில்?

கடலூர் கோர்ட்டில் கட்டு (தாக்கல் செய்த வழக்குக் காகிதங்கள்) ரிட்டர்ன் ஆவது அன்றாடம் நடப்பதுதான். கோர்ட் ஃபீ குறைவு, வக்காலத்தில் கையெழுத்து இல்லை என்று ஏதாவது ஒரு குறையை எழுதி, இத்தனை நாளில் சரிசெய்து கொடுங்கள் என்று கெடு போட்டுத் திருப்புவார்கள். கெடு தாண்டிய பிறகுதான் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

இரண்டு தாமதங்களை ஒன்றாக நினைப்பது முதல் தவறு. அப்பீலையே காலம் கடந்து போட்டால், மன்னிப்புக் கேட்பது காலவரையறைச் சட்டம் 5ஆம் பிரிவில். நேரத்தில் போட்டுவிட்டு, ரிட்டர்ன் ஆன கட்டைத் தாமதமாகத் திரும்பக் கொடுத்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 148, 151ஆம் பிரிவுகள். 148இல் கெடுவை நீட்ட 30 நாள் வரம்பு இருக்கிறது. ஆனால் கட்சிக்காரர் கையில் இல்லாத காரணத்தால் தாமதமானால் அதற்கு மேலும் நீட்டலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது (நம்ம சேலம் வக்கீல் சங்கம் போட்ட வழக்கு அது!). இந்த வகைத் தாமதத்துக்குப் போய் 5ஆம் பிரிவில் மனு எழுதினால், இல்லாத குற்றத்தை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி.

அடுத்தது, கோர்ட் மாறிப்போவது. எக்ஸ்பார்ட்டி டிக்ரியை (எதிராளி வராததால் ஒருதலையாகப் போட்ட தீர்ப்பை) ரத்து செய்யக் கேட்பதில் தாமதம் என்றால், டிக்ரி போட்ட அதே கோர்ட்டில் கேட்க வேண்டும். அப்பீல் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமோ அப்பீலைக் கேட்கும் கோர்ட்டுக்குத்தான். புதுச்சேரி வழக்கானாலும் ஹைகோர்ட் அப்பீல் என்றால் சென்னைதான்.

எந்தக் கோர்ட்டாலும் மன்னிக்க முடியாதவையும் உண்டு. அசல் வழக்குக்கு (அப்பீல் அல்ல, முதன்முதலில் போடும் வழக்கு) 5ஆம் பிரிவே கிடையாது. வண்டிக் கடனுக்காக வந்த ஆர்பிட்ரேஷன் தீர்ப்பை (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் சொல்லும் தீர்ப்பு) எதிர்க்க 3 மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். அதோடு சரி.

காரணம் எழுதும்போது 'உடல்நிலை சரியில்லை' என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலைக் காட்டி டிசம்பர் முதல் வாரத் தாமதத்தைச் சொல்லலாம். அடுத்த ஆண்டு சித்திரை வரைக்குமா புயல் அடித்தது?

ஒருமுறை பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு வழக்கில் ஒரு பெரியவர் வந்தார். தீர்ப்பாகி 48 நாள், ஜில்லா கோர்ட் அப்பீலுக்கு 30 நாள்தான். மன்னிப்பு மனு டைப் அடித்தாகிவிட்டது. அப்புறம்தான் தீர்ப்பு நகலின் பின்பக்கத்தைப் பார்த்தேன். நகல் கிடைக்க 21 நாள் ஆகியிருந்தது. காலவரையறைச் சட்டம் 12ஆம் பிரிவுப்படி அதைக் கழித்தால் மிச்சம் 27. மனுவைக் கிழித்துப்போட்டுவிட்டு அப்பீலை மட்டும் தாக்கல் செய்தோம்.