பாவித்த பனோரமா பிலிம் கமரா வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

விடியற்காலையில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, கரைக்குக் கரை விரிந்து கிடக்கும் வாவி சாதாரண கமராவுக்குள் அடங்காது என்பது தெரியும். பாசிக்குடாவின் ஆழமற்ற கடலும், அம்பாறைப் பக்கத்து வயல்வெளிகளும், சேனநாயக்க சமுத்திரத்தின் நீர்ப்பரப்பும் அப்படிப்பட்டவையே. அந்த அகலத்தை ஒரே பிலிம் துண்டில் பதிக்க விரும்பிப் பாவித்த பனோரமா கமராவைத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் முதலில் வாங்கிய ஹொரைசன் 202 என்ற ரஷ்யப் பனோரமா கமரா பார்வைக்குப் புதியது போலவே இருந்தது. முதல் ரோலைக் கழுவி எடுத்தபோது, ஒவ்வொரு படத்தின் வானத்திலும் மேலிருந்து கீழாக வெளிறிய பட்டைகள் விழுந்திருந்தன. விற்றவர் அனுப்பியிருந்த பத்துப் படங்களும் கமராவின் உடலையே காட்டின. அந்தக் கமரா எடுத்த படம் ஒன்றுகூட அவற்றில் இருக்கவில்லை. அன்றிலிருந்து, வெறும் வானத்தை எடுத்த நெகட்டிவ் ஒன்றைக் காட்டாதவரிடம் இவ்வகைக் கமராவை நான் வாங்குவதில்லை.

முதலில், விற்பனைக்கு வந்திருப்பது உண்மையான பனோரமா கமராதானா என்று பாருங்கள். 1990களில் வந்த பல சிறிய கமராக்களில் ‘பனோரமா’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அது சாதாரண 24×36 மில்லிமீற்றர் சட்டகத்தின் மேலையும் கீழையும் மறைத்து, நடுவில் ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் உயரமுள்ள கீற்றை மட்டும் விடும். ஏ.பி.எஸ். என்ற சிறிய பிலிம் வகைக் கமராக்களின் பனோரமாவும் வெட்டி எடுத்ததே. இவற்றுக்குப் பெரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

உண்மையான பனோரமா கமராக்களில் முக்கியமாக இரண்டு குலங்கள் உண்டு. ஒன்றில் லென்ஸ் ஓர் உருளைக்குள் இருந்து இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ சுழலும். பிலிம் வளைந்த தளத்தில் கிடக்க, ஒரு செங்குத்துப் பிளவின் வழியாக ஒளி அதன்மேல் தடவிச் செல்லும். ஜப்பானின் வைட்லக்ஸ், ரஷ்யாவின் ஹொரைசன்ட், ஹொரைசன் 202, ஜேர்மனியின் நொப்லெக்ஸ் ஆகியவை இவ்வகையின. மற்றையது லென்ஸ் அசையாமல் நின்று அகலமான சட்டகத்தை ஒரே தடவையில் பதிப்பது: ஹசல்பிளாட் எக்ஸ்பான், பியூஜி ஜி617, லின்ஹோப் டெக்னொராமா போன்றவை. எந்தக் குலம் என்பதைப் பொறுத்துத்தான் பரிசோதனையும் மாறும்.

சுழலும் லென்ஸ் கமராவில் எல்லாமே உருளையின் சீரான வேகத்தில் தங்கியிருக்கிறது. பிலிமின் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளியின் அளவைப் பிளவின் அகலமும் உருளையின் வேகமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஆகவே உருளை ஒரு கணம் தயங்கினால் அவ்விடத்தில் ஒளி கூடிப்போய், நெகட்டிவில் கருமையான, அச்சில் வெளிறிய பட்டை உண்டாகும். பல வருடம் அலுமாரியில் கிடந்த கமராவில் கிறீஸ் காய்ந்து இறுகியிருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். வீடுகளும் மரங்களும் நிறைந்த படத்தில் இந்தப் பட்டை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். மேகமில்லாத வானத்தில் அதற்கு ஒளிய இடமில்லை.

நேரில் பார்க்கக் கிடைத்தால் காதையும் பயன்படுத்துங்கள். ஹொரைசன் 202இல் வினாடியில் 1/2, 1/4, 1/8 என்று மெதுவான மூன்று வேகங்களும், 1/60, 1/125, 1/250 என்று விரைவான மூன்றும் உள்ளன. வைட்லக்ஸ் எப்7, எப்8 இரண்டிலும் 1/15, 1/125, 1/250 மட்டுமே. ஒவ்வொரு வேகத்திலும் பல தடவை அழுத்திப் பாருங்கள். உருளை சுழலும் ஓசை தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே சுருதியில் இருக்க வேண்டும். நடுவில் விக்கினாலும், கடைசியில் இழுபட்டாலும், அதை வாங்க வேண்டாம். மெதுவான வேகங்களில்தான் குறை முதலில் வெளிப்படும் என்பதால், 1/250இல் மட்டும் அழுத்திக் காட்டும் விற்பனையாளரிடம் மற்ற வேகங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தூரத்திலிருந்து வாங்குவதானால், எல்லா வேகங்களையும் ஓசையோடு பதிவுசெய்த காணொளியைக் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் அதற்குச் சினப்பதில்லை.

நொப்லெக்ஸில் உருளையை மின்மோட்டார் சுழற்றுகிறது. அது முழு வட்டம் சுற்றுவதால், வேகம் சீரான பின்னரே ஒளி பதிகிறது. பட்டைத் தொல்லை குறைவு. ஆனால் மின்சுற்று பழுதடைந்தால் அந்த நன்மையும் போய்விடும் என்பதால், புதிய பற்றரி போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பின்மூடியைத் திறந்து, வளைந்த பிலிம் தளத்தையும் அதன் இரு ஓரங்களில் உள்ள சிறு உருளைகளையும் மெல்லிய துணியால் தடவிப் பாருங்கள். மணலோ துருவோ இருந்தால் பிலிமின் நீளவாக்கில் கீறல் விழும். கடற்கரையில் பாவித்த கமராவில் இது அதிகம். எங்கள் மணல் மிக நுண்ணியது. காட்சிக் கண்ணாடிக்குள்ளோ கமராவின் மேலேயோ உள்ள குமிழி மட்டத்தையும் பாருங்கள். கமரா சற்றே சாய்ந்தாலும் சுழலும் லென்ஸ் கடலின் தொடுவானத்தை வில்லாக வளைத்துவிடும் என்பதால், குமிழி வற்றிப்போன கமரா எங்களைப் போன்ற கரையோர மக்களுக்குப் பாதிப் பயனே தரும். 1967இல் வெளிவரத் தொடங்கிய பழைய ஹொரைசன்டில் காட்சிக் கண்ணாடி கழற்றக்கூடியது; அது தொலைந்துபோன நிலையில் விற்பனைக்கு வருவதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். படத்தில் நேரான பாலம் நடுவில் வீங்கித் தெரிந்தால் அதைக் குறையென்று எண்ண வேண்டாம். அது இவ்வகைக் கமராவின் இயல்பு.

எக்ஸ்பான் 1998இல் வந்தது. ஜப்பானில் அதையே பியூஜி டிஎக்ஸ்-1 என்று விற்றார்கள். 24×65 மில்லிமீற்றர் சட்டகம், 36 படச் சுருளில் 21 பனோரமா படங்கள். இதில் பட்டைக் கவலை இல்லை. கவலை முழுவதும் மின்னணுவில் இருக்கிறது. பழுதானால் உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. விலையோ மிக உயர்ந்துவிட்டது. இரண்டு சீஆர்2 பற்றரிகளைப் போட்டு, பழைய பிலிம் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். ஏற்றியதும் அது பிலிம் முழுவதையும் வெளியே இழுத்து, பிறகு எடுக்க எடுக்கப் படங்களை உறைக்குள் திரும்பச் சுருட்டிக்கொள்ளும். இந்த ஓட்டம் தடையின்றி நடக்க வேண்டும். தவறிப் பின்மூடி திறந்துவிட்டாலும் எடுத்த படங்கள் தப்பிவிடும் என்பது இந்த அமைப்பின் அழகு. பனோரமாவிலிருந்து சாதாரண சட்டகத்துக்கு மாற்றி, உள் மறைப்பும் காட்சிச் சட்டகமும் சேர்ந்து மாறுகின்றனவா, திரையில் எண்கள் முழுமையாகத் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். இது தூரமானியால் குவியம் பார்க்கும் கமரா. லென்ஸை முடிவிலியில் நிறுத்தி, வாவியின் அக்கரையில் உள்ள ஒரு கோபுரத்தையோ தென்னையையோ பார்த்தால் இரட்டைப் பிம்பம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பூச்சு உரிந்திருப்பது சாதாரணம். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

ஜி617 வகையின் 6×17 சென்ரிமீற்றர் படம் அழகின் உச்சம்தான். ஆனால் 120 என்ற அகலமான பிலிம் ரோல் ஒன்றில் நான்கே படங்கள் விழும். அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். தாங்க முடிந்தால், நடுப்பகுதியை மட்டும் சற்று இருட்டாக்கி ஓரங்களோடு சமப்படுத்தும் நடு வடிகட்டி கமராவோடு வருகிறதா என்று கேளுங்கள். தனியாக வாங்கினால் அது கனத்த விலையாகும்.

எந்த வகையானாலும் லென்ஸைத் தவறாமல் டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். உப்புக் காற்றும் மாரிகால ஈரமும் சேர்ந்த எங்கள் பகுதியில், உள்ளே இருக்கும் சிறு பூஞ்சணம்கூட விரைவில் வளர்ந்துவிடும்; சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். குளிர்நாட்டில் பத்து வருடம் அடங்கிக் கிடந்த பூஞ்சணம் இங்கே ஒரே மாரியில் பரவிவிடலாம். வாங்கிய கமராவைத் தோல் உறையிலிருந்து வெளியே எடுத்து, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கமரா கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் தவணை முடியுமுன் ஒரு ரோலைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். காலையில், சூரியனுக்கு எதிர்த்திசையில் உள்ள தெளிந்த வானத்தை விரைவான வேகங்களில் எடுங்கள்; மெதுவான வேகங்களை மாலை மங்கிய பின் எடுங்கள், இல்லாவிட்டால் ஒளி மிஞ்சிவிடும். இடையில் கமராவைச் சில நிமிடம் வெயிலில் வைத்துவிட்டு அடுத்த படத்தை எடுங்கள். கழுவி வந்த நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செங்குத்துப் பட்டை ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் வந்தால் பற்சக்கரத்திலோ உருளையிலோ குறை. இடம் மாறி மாறி வந்தால் காய்ந்த கிறீஸாக இருக்கலாம், அதைத் துப்புரவாக்கித் திருத்த வாய்ப்புண்டு. நீளவாக்கில் ஒரே கோடாக ஓடுவது கீறல். வெயிலில் வைத்த பின் எடுத்த படத்தில் மட்டும் புகை போலப் பரவியிருந்தால் ஒளிக்கசிவு.

அந்த ரோலைக் கழுவக் கொடுக்கும்போது, வெட்டாமல் முழு நீளத்தில் சுருட்டித் தரும்படி தெளிவாகச் சொல்லுங்கள். பனோரமா சட்டகத்தின் நீளத்தை அறியாத ஸ்டூடியோவில் வழக்கமான அளவுக்கு வெட்டும்போது கத்தி படத்தின் நடுவிலேயே விழுந்துவிடும். நான் ‘வெட்ட வேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, பிலிம் டப்பாவின் மேலேயே ஒட்டிக் கொடுக்கிறேன்.