பக்கவாத ரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ: சாம்பிள் கெடாமல் அளக்க

மூளை ரத்தக்குழாய் அடைபட்டதும் வெள்ளையணுக்களில் கிளம்பும் அழற்சியை, புரதம் உருவாக்காத ஆர்என்ஏக்கள் ஏற்றவும் இறக்கவும் செய்கின்றன. அவற்றில் மிகச் சிறியவை மைக்ரோ ஆர்என்ஏ, சுருக்கமாக மிர். மிர்-155 சாக்ஸ்1 என்ற தடுப்புப் புரதத்தைக் குறைத்து அழற்சியைக் கிளறும். மிர்-146ஏ அழற்சிச் செய்தியைக் கடத்தும் ட்ராஃப்6, ஐராக்1 என்ற இரண்டு புரதங்களையும் அடக்கித் தணிக்கும். மிர்-223 அடக்குவது அழற்சியைத் தூண்டும் என்எல்ஆர்பி3 புரதத்தை. இந்த மிர்களை பிளாஸ்மாவில் (அணுக்களை நீக்கிய ரத்தத் திரவம்) அளக்கும்போது தவறு பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் மேசையிலேயே நடந்துவிடுகிறது. மரபணுப் பொருளைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் இயந்திரம் பாவம்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ சேர்த்த குழாயில் எடுங்கள். ஹெப்பரின் குழாய் கூடாது, அது பிசிஆர் வினையைத் தடுக்கும். நோயாளிக்கு ஹெப்பரின் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது; முடியாதபோது பிரித்த ஆர்என்ஏவில் ஹெப்பரினைச் சிதைக்கும் ஹெப்பரினேஸ் நொதியைச் சேர்க்க வேண்டியிருக்கும். அறிகுறி தொடங்கி எத்தனை மணி நேரம் என்பதைக் குழாயிலேயே எழுதுங்கள். தூக்கத்தில் வந்த பக்கவாதமானால், நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறியுங்கள். 6 மணி நேர சாம்பிளையும் 3 நாள் சாம்பிளையும் கலந்தால் சராசரிக்குப் பொருளே இல்லை.

2 மணி நேரத்துக்குள், அறை வெப்பத்தில், 2,500 ஜி விசையில் 15 நிமிடம் மையவிலக்கு இயந்திரத்தில் சுற்றுங்கள். குளிர் தட்டணுக்களைத் தூண்டிவிடும். வெள்ளையணுப் படலத்துக்கு மேல் அரை சென்டிமீட்டர் பிளாஸ்மாவைத் தொடாமல் விட்டு, எடுத்ததைப் புதுக் குழாயில் அதே வேகத்தில் மறுபடி சுற்றுங்கள். பலரும் சோம்பலில் விடுவது இந்த இரண்டாம் சுற்றைத்தான். மிஞ்சிய தட்டணுக்கள் மைனஸ் 80 டிகிரியில் உறைந்து உருகும்போது உடைந்து மிர்-223ஐக் கொட்டும். நியூட்ரோபிலில் போலவே தட்டணுவிலும் அது ஏராளம். நோயால் மிர்-223 கூடியதுபோலத் தெரியும்.

சிவப்பணு உடைவு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.2ஐத் தாண்டினால் சாம்பிளை ஒதுக்குங்கள். பிசிஆரிலும் சரிபார்க்கலாம்: மிர்-23ஏ சிடியிலிருந்து (பிசிஆரில் அது தென்படும் சுற்று எண்) சிவப்பணுவில் நிறைந்த மிர்-451ஏவின் சிடியைக் கழியுங்கள். 5க்குள் என்றால் சரி, 7க்கு மேல் என்றால் உடைவு. சிவப்பணுவில் மிர்-16 நிறைய இருப்பதால் அதை ஒப்பீட்டுக்கு வைக்காதீர்கள்.

200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் முதலில் நொதிகளைச் செயலிழக்க வைக்கும் லைசிஸ் கரைசல், பிறகே ஒப்பீட்டுக்காகச் சேர்க்கும், சி. எலிகன்ஸ் புழுவின் மிர்-39இன் செயற்கை நகல். வரிசை மாறினால் பிளாஸ்மாவின் நொதிகள் அதைத் தின்றுவிடும். கிடைக்கும் ஆர்என்ஏ மிகக் குறைவு. ஆர்என்ஏ அளவை ஒளியால் அளக்கும் நானோடிராப் கருவி காட்டும் எண்ணை நம்பாமல் எல்லா சாம்பிளிலும் ஒரே கனஅளவு எடுங்கள்.

மிர் எந்த அணுவிலிருந்து வந்தது என்பதை பிளாஸ்மா சொல்லாது. அது தேவையென்றால் புது ரத்தத்திலிருந்து மோனோசைட்டையும் நியூட்ரோபிலையும் தனித்தனியே பிரித்து, மிர்-155 கூடும்போது சாக்ஸ்1 புரதம் குறைகிறதா என்று வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதச் சோதனையில் பாருங்கள். நிமோனியா வந்த நோயாளிகளைத் தனியாக வையுங்கள். தொற்றும் அதே மிர்களை அசைக்கும்.