ஜிடிபி இணைய மறுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலோடு, பிழைதேடும் கருவியான (டீபக்கரான) ஜிடிபியை இணைக்கப் போய், ‘பிட்ரேஸ்: ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்ற வரி வந்து நின்றால், பலரும் அதே கட்டளையின் முன்னால், நிர்வாகியான ரூட்டின் உரிமையில் இயக்கும் சூடோவைச் சேர்த்து மறுபடியும் அடிக்கிறார்கள். சில நேரம் அது வேலை செய்துவிடுகிறது. பழக்கம் ஊறிப்போனதற்கு அதுவே காரணம். ஆனால் அந்த ஒரே வரிக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும், அவற்றுள் சிலவற்றை ரூட் உரிமையாலும் தீர்க்க முடியாது.

முதல் தவறு, வரியைச் சரியாகப் படிக்காமல் விடுவது. ‘பெர்மிஷன் டினைடு’ என்பது பிழை எண் 13. ஜிடிபிக்குள் ‘ரன்’ கொடுத்ததும் இது வந்து, நிரல் 126 என்ற எண்ணோடு வெளியேறினால், கோப்புக்கு இயக்க அனுமதி இல்லை, அல்லது அது நோஎக்ஸெக் (நிரல்களை இயக்கத் தடை) என்று மவுண்ட் செய்யப்பட்ட பகுதியில் கிடக்கிறது என்று பொருள். ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்பதோ பிழை எண் 1. இங்கே தடுக்கப்படுவது, பிட்ரேஸ் (ஒரு செயல்முறை இன்னொன்றை ஆராய லினக்ஸ் தரும் வசதி) வழியாக இணைவது என்ற செயல். ஆகவே இதற்காகக் கோப்புகளுக்கெல்லாம் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போடுவது வீண் வேலை.

உபுண்டு போன்றவற்றில் மிகுதியாகக் குறுக்கே நிற்பது யாமா என்ற பாதுகாப்புக் கூறு. அதன் பிட்ரேஸ்_ஸ்கோப் அமைப்பு 1 ஆக இருந்தால், சாதாரணப் பயனராக ஓடும் ஜிடிபி தான் தொடங்கிவைத்த நிரலையும் அதன் வழிவந்தவற்றையும் மட்டுமே ஆராயலாம். வேறொரு டெர்மினலில் நீங்களே தொடங்கிய, உங்கள் பெயரிலேயே ஓடும் நிரலோடுகூட இணைய முடியாது. ஆகவே ஜிடிபிக்குள்ளிருந்து தொடங்கினால் ஓடுகிறது, செயல்முறை எண்ணைக் கொடுத்து இணைந்தால் மறுக்கிறது என்றால் முதலில் யாமாவைச் சந்தேகிக்கலாம். ஊடுருவப்பட்ட ஒரு செயலி, அதே பயனரின் எஸ்எஸ்எச் சாவிகளை நினைவகத்திலிருந்து உருவிவிடக் கூடாது என்பதற்காக வைத்த கட்டுப்பாடு இது. இதை நிரந்தரமாக 0 ஆக்கிவிட்டு மறந்துபோவது இரண்டாவது தவறு. சிஸ்சிடிஎல் கட்டளையால் அப்போதைக்கு மட்டும் மாற்றினால் மறுதொடக்கத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விளையாட்டுக்குக்கூட 3 என்று வைத்துவிடாதீர்கள்: அதன்பின் மறுதொடக்கம் வரை யாரும் எதனோடும் இணைய முடியாது, எண்ணைக் குறைக்கவும் முடியாது.

எனக்கு அதிக நேரத்தைத் தின்ற தவறு, நிரலையே சூடோ ஜிடிபிக்குள் தொடங்கியதுதான். ஓர் அமைவுக் கோப்பைத் திறக்க முடியாதபோது எஃப்ஓப்பன் வெற்றுச் சுட்டியைத் திருப்பித் தர, அதைச் சோதிக்காமல் பயன்படுத்தியதால் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழுந்துகொண்டிருந்தது. சூடோவோடு ஓட்டியதும் நிரலும் ரூட்டாக ஓடியது, கோப்பு தடையின்றித் திறந்தது, பிழை மாயமாக மறைந்தது. போதாக்குறைக்கு, அந்த ஓட்டத்தில் உருவான லாக் கோப்பு ரூட்டின் உடைமையாகிவிட, அடுத்த முறை சாதாரணப் பயனராக ஓட்டியபோது, அதுவரை இல்லாத ஒரு ‘பெர்மிஷன் டினைடு’ புதிதாக முளைத்தது. சூடோ சூழல் மாறிகளையும் வடிகட்டும் என்பதால், எல்டி_லைப்ரரி_பாத் வழியாக நூலகங்களைத் தேடும் நிரல் தொடங்காமலே போகலாம்.

வேறொரு டீபக்கரோ, நிரலின் கணினி அழைப்புகளைக் கண்காணிக்கும் எஸ்ட்ரேஸோ ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதே ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ வரிதான் வரும். அங்கே ரூட்டுக்கும் கதவு திறக்காது. புராக் அடைவில் அந்தச் செயல்முறையின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து, டிரேசர்பிட் (ஒட்டிக்கொண்டிருக்கும் கருவியின் செயல்முறை எண்) வரியில் 0 அல்லாத எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் எங்கோ மூடாமல் விட்ட உங்கள் பழைய ஜிடிபியாகவே அது இருக்கும்.

டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரலைத் தனித்து அடைத்து ஓட்டும் சூழல்), ரூட் என்று பெயர் இருந்தாலும், பிற செயல்முறைகளை ஆராயும் சிஸ்_பிட்ரேஸ் உரிமை இயல்பாகக் கிடைப்பதில்லை. கன்டெய்னரைத் தொடங்கும்போது கேப்-ஆட் என்ற விருப்பத்தின் வழியாக அந்த ஒன்றை மட்டும் கொடுத்தால் போதும். பிரிவிலெஜ்டு என்று முழுதாகத் திறந்துவிடுவது, பூட்டுக்குச் சாவி கேட்டவனிடம் வீட்டையே எழுதிக்கொடுப்பது போன்றது. நினைவக முகவரிகளின் தற்செயல் இடமாற்றத்தை முடக்க இயலவில்லை என்று அங்கே வரும் வரி எச்சரிக்கை மட்டுமே; நிரல் ஓடும்.

ஜிடிபி கோப்புக்கே செட்யூஐடி (யார் இயக்கினாலும் கோப்பின் உடைமையாளரின் உரிமையில் ஓடச் செய்யும் குறி) போடுவதும், செட்கேப் மூலம் பிட்ரேஸ் உரிமையை ஒட்டிவைப்பதும், அந்தக் கணினியில் அதை இயக்கக்கூடிய எவரும் எந்தச் செயல்முறையின் நினைவகத்தையும் படிக்க வழிவிடும்.

சூடோவுக்கு உரிய இடமும் உண்டு. வேறு பயனரின் பெயரில் ஏற்கெனவே ஓடும் சேவையோடு எண்ணைக் கொடுத்து இணைய, சூடோ ஜிடிபி சரியான வழியே. அப்போது ரூட்டாக ஓடுவது ஜிடிபி மட்டும், சேவை தன் பழைய உரிமைகளோடே தொடர்கிறது. இணைந்த கணமே அது உறைந்து நிற்கும் என்பதால், பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் டிடாச் கொடுத்து விடுவித்துவிடுங்கள்.