கத்திரிக்காய் விலை கேட்கும் அரை நிமிடம்: உரையாடலைப் பதிந்து ஆராயும் முறை

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒருவர் கத்திரிக்காய் விலை கேட்கிறார், கடைக்காரர் சொல்கிறார், பேரம் நடக்கிறது, பை நிறைகிறது. அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் யார் எப்போது வாய் திறந்தார், எங்கே நிறுத்தினார், அடுத்தவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று வரிவரியாகப் பார்ப்பதுதான் உரையாடல் பகுப்பாய்வு. 1960-களில் கலிபோர்னியாவில், தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளைக் கேட்டு சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸ் தொடங்கியது. எம்மானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் இருவரும் அவரோடு சேர்ந்து வளர்த்தார்கள். பேச்சை எழுத்தில் பிடிக்க ஜெஃபர்சன் வகுத்த குறிகள்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

“நீங்க எப்படி பேரம் பேசுவீங்க?” என்று நேர்காணலில் கேட்டால், தான் இப்படிப் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பது கிடைக்கும். எந்த இடத்தில் ஒரு வினாடி பேசாமல் நின்றார் என்பது அவருக்கே நினைவிருக்காது. அதனால்தான் பதிவு வேண்டும்.

படி 1: இடமும் அனுமதியும்

முதல் வேலைக்கு ஒரே கடை, ஒரே வகைப் பேச்சு போதும். காய்கறிக் கடை, டீக்கடை, ஜெராக்ஸ் கடை எதுவானாலும் சரி. மருத்துவமனைப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். நோயாளிகளின் பேச்சைத் தொட நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மொழியையும் யோசியுங்கள். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளமும் இந்தியும் கேட்கும், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது கலந்து வரும். அந்த மொழி வீட்டுமொழியாக உள்ள ஒருவர் உங்களோடு உட்காராவிட்டால், பாதிப் பேச்சு கைநழுவிப் போகும்.

கடைக்காரரிடம் முதல் நாளே பேசி, எதற்காகப் பதிகிறீர்கள், யார் கேட்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அவர் சம்மதத்தையும் பதிந்து வையுங்கள். வாங்க வருபவர்களுக்குத் தெரிய, பதிவு நடப்பதாக எழுதிய அட்டையைத் தராசுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொருவரும் கிளம்பும்போது வாயாலும் கேளுங்கள். “வேணாம்பா” என்றால் அந்த நேரத்தைக் குறித்துவைத்து அன்றைக்கே அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். ஒளித்துவைத்துப் பதிவது கூடவே கூடாது. அது ஏமாற்று வேலை.

படி 2: பதிவு

செல்போன் போதும். ஏர்பிளேன் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். கோப்பு வேவ் (WAV) வடிவில் இருக்கட்டும். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம் (மோனோ) என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 320 எம்பி ஆகும், இடம் இருக்கிறதா பாருங்கள். மைக் பேசுபவர்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், அரை மீட்டருக்குள். போனுக்கு அடியில் நாலாக மடித்த துண்டு ஒன்று வையுங்கள். பலகைமேல் நேராக வைத்தால் தராசுத் தட்டு விழும் ஒவ்வொரு முறையும் இடி இடித்தது போலப் பதிவாகும். ஃபேன் காற்று நேராகப் படக் கூடாது. மூட்டை இறக்கும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பதிவுக் கருவியைப் பார்த்ததும் எல்லோரும் கொஞ்சம் திருத்தமாகப் பேசுவார்கள். இதற்கு ஒரே மருந்து, திரும்பத் திரும்பப் போவது. மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, முதல் நாள் பதிவைப் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். யார் கை எங்கே இருந்தது, எப்போது எடை போட்டார் என்பதை ஒலிப்பதிவு சொல்லாது.

படி 3: எழுதுதல்

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். காதில் “வாங்கிகினு போனாரு” என்று விழுந்ததை, கை “வாங்கிக்கொண்டு போனார்” என்று எழுதிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் பழகிய கை அப்படித்தான் போகும். இன்னா, கினு, கீது எல்லாம் வடாற்காட்டுப் பேச்சின் உயிர். ஒருவர் கடைக்காரரிடம் “இன்னா” என்றும், பக்கத்தில் நிற்கும் ஆசிரியரிடம் “என்ன” என்றும் சொல்லலாம். அந்த மாற்றமே உங்கள் கண்டுபிடிப்பாகவும் இருக்கலாம். திருத்தி எழுதினால் அது தொலைந்தது. தானாக எழுதித் தரும் செயலிகளையும் இதே காரணத்துக்காக நம்ப வேண்டாம். மௌனத்தையும் இருவர் சேர்ந்து பேசுவதையும் அவை பெரும்பாலும் விழுங்கிவிடும்.

முழுப் பதிவையும் எழுத உட்காராதீர்கள். முதலில் ஒரு முறை கேட்டு, நிமிட வாரியாக என்ன நடந்தது என்று ஒற்றை வரியில் பட்டியல் போடுங்கள். அதில் 30 முதல் 60 வினாடி வரை ஒரு துண்டை எடுங்கள். புதியவர்களுக்கு ஒரு நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

தொடக்கத்துக்கு நாலு குறி போதும். அடைப்புக்குள் எண் என்றால் மௌனம், வினாடிக் கணக்கில். சதுர அடைப்பு என்றால் இருவரும் ஒரே நேரத்தில் பேசியது. முக்காற்புள்ளிகள் இழுத்த ஒலி. இரட்டை அடைப்பு, பேச்சல்லாத ஓசை. பயிற்சிக்காக எழுதிய மாதிரி இது:

1 வாங்குபவர்: கத்திரிக்கா இன்னா வெலணா
2 கடைக்காரர்: அறுவதுமா
3 (0.8)
4 கடைக்காரர்: காலைல எறக்குனது. முள்ளு [கத்திரி]
5 வாங்குபவர்: [அம்பதுக்கு] குடுங்களே
6 கடைக்காரர்: ம்ம்:: (0.5) எவ்ளோ வேணும்

மூன்றாவது வரியில் மௌனம் தனியாக நிற்கிறது. அங்கே யார் வேண்டுமானாலும் பேசியிருக்கலாம், அதனால் அது யாருக்கும் சொந்தமில்லை. ஆறாவது வரியில் உள்ளது கடைக்காரரின் மௌனம், அவர் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. இதை மாற்றிப் போட்டால் முடிவே மாறிவிடும். மௌனத்தை அளக்க ஆடாசிட்டி, பிராட், ஈலான் என்ற மூன்று மென்பொருள்களும் இலவசம். அலைவடிவத்தில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தால் நீளம் தெரியும்.

தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. எழுத்துகள் ஒரே அகலத்தில் இல்லாததால் சதுர அடைப்புகள் மேலும் கீழும் நேராக நிற்காது. இடைவெளி தட்டித் தட்டிச் சரிசெய்தால் வேறு கணினியில் கலைந்துவிடும். அட்டவணை போட்டு, சேர்ந்து பேசிய சொற்களை ஒரே நெடுவரிசையில் வையுங்கள். பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி குறுக்கிட்டால் அதையும் தனி வரியாக எழுதுங்கள், பேச்சு அதற்காக நிற்பதைப் பார்ப்பீர்கள். ஆள் பெயர், போன் எண்ணை மட்டும் மாற்றிவிடுங்கள்.

படி 4: ஆராய்தல்

ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, இந்தப் பேச்சு என்ன வேலை செய்கிறது, ஏன் சரியாக இந்த இடத்தில் வந்தது என்று கேளுங்கள். விடையை அடுத்த வரியில் தேடுங்கள், பேசியவரின் மனதில் தேட வேண்டாம்.

மாதிரியில் வாங்குபவர் “விலை அதிகம்” என்று சொல்லவே இல்லை. 0.8 வினாடி மௌனம் விழுந்தது. கடைக்காரரோ யாரும் கேட்காமலே சரக்கின் புதுமையைச் சொல்கிறார். அந்த மௌனத்தை அவர் மறுப்பாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு நான்காவது வரியே சாட்சி. ஆம், இல்லை என்று விடை தரும் கேள்விகளை 10 மொழிகளில் ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக 0.2 வினாடிதான் இருந்தது. அந்தப் பத்தில் தமிழ் இல்லை, விலை சொல்வதும் அப்படிப்பட்ட கேள்வி இல்லை. அதனால் அந்த எண்ணை அப்படியே அளவுகோலாக்காமல், உங்கள் பதிவிலேயே வழக்கமான இடைவெளி எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். நோட்டையும் புரட்டுங்கள். அந்த நேரத்தில் வாங்குபவர் குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தால் கதை வேறு.

ஆறாவது வரியில் கடைக்காரர் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அளவைக் கேட்டுப் பதிலைத் தள்ளிவைக்கிறார். 2 கிலோ என்றால் ஒரு விலை, கால் கிலோ என்றால் வேறு விலை.

துண்டை மூன்று நான்கு பேரோடு சேர்ந்து ஐந்தாறு முறை கேளுங்கள். பத்து நிமிடம் பேசாமல் அவரவர் எழுதிவிட்டு, பிறகு ஆளுக்கு ஒன்று சொல்லட்டும். “அவருக்குக் கோபம்” என்று யாராவது சொன்னால், எந்த வரியில் என்று கேளுங்கள்.

ஒரு துண்டை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. விலை சொன்னதும் மௌனம் விழும் இடங்களாக 15, 20 சேர்த்து அடுக்குங்கள். அதில் ஒன்றிரண்டு இடத்தில் கடைக்காரர் காரணம் எதுவும் சொல்லாமல் அவரும் பேசாமல் நிற்பார். அதைப் பொருந்தவில்லை என்று ஒதுக்காதீர்கள். வழக்கமாக வருபவரா, காய் மாலைச் சரக்கா, பக்கத்தில் வேறு ஆள் காத்திருந்தாரா என்று நோட்டோடு வைத்து, மற்றவற்றைவிட அதிக நேரம் அதைக் கேளுங்கள்.