புரையில் கிடக்கும் பழைய கார்: கை வைப்பதற்கு முன்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் புரைகளிலும் (ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் கொட்டகைகள்) நாகர்கோவில் பழைய வீட்டுச் சாய்ப்புகளிலும் தார்ப்பாய்க்கு அடியில் கார்கள் இன்னும் கிடக்கின்றன. வாங்கிச் சரிபண்ணலாம் என்று பார்த்ததும் வருகிற பரபரப்பில்தான் பாதிக் காரியம் கெடுகிறது.

வீட்டுக்காரர் சொல்லும் பெயரை அப்படியே நம்பாதீர்கள். ஒரு புரையில் எனக்குக் காட்டியதை “கறுப்பு அம்பாசிடராக்கும் மக்கா” என்றார் அந்த வீட்டு அம்மா. பின் மட்கார்டு உருண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. அம்பாசிடரில் அந்த இடம் சின்ன வால்போல எழும்பி நிற்கும். அது அம்பாசிடருக்கு முன்னால், 1954-இல் வந்த லேண்ட்மாஸ்டர். கறுப்பும் கறுப்பில்லை, ரப்பர் ஷீட் காயவைத்த புகை வருஷக்கணக்காகப் படிந்தது. டாஷ்போர்டுப் பெட்டிக்குள் டார்ச் அடித்தபோதுதான் அசல் பச்சை தெரிந்தது. அதேபோல ‘பியட்’ என்று எல்லாரும் சொல்வதில் 1100 டிலைட்டும் உண்டு, பிரீமியர் பத்மினியும் உண்டு. பத்மினி என்ற பெயரே 1974-இல்தான் வந்தது. முன் கிரில், பேட்ஜ் இவற்றை வைத்து வருஷம் சொல்வதும் ஆபத்து, ஏனென்றால் கிடைத்ததை மாட்டி ஓட்டிய காலம் அது. அறுபதுகளின் அம்பாசிடரில் டீசல் என்ஜின் இருந்தால் பின்னால் மாற்றியதுதான்.

கம்பெனித் தகட்டிலும் சேசிஸிலும் (காரின் அடிச்சட்டம்) உள்ள நம்பர்தான் பேசும். அதை உப்புத்தாளால் தேய்க்கவே தேய்க்காதீர்கள், அழித்து வெட்டிய நம்பரோ என்று நாளைக்கு ஆர்டிஓ ஆபீசில் சந்தேகம் வரும். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் பிரிண்ட் எடுத்தால் போதும்.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் ஆசை. நான் முதலில் கண்ட பியட்டில் புதுப் பேட்டரி வைத்துச் செல்ப் அடித்தேன், துருவில் ஒட்டியிருந்த பிஸ்டன் ரிங் உடைந்தது, அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள், பிறகு என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

மேலே பெயின்ட் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது, குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. உள்ளே விரித்த கால்மிதியைத் தூக்கிக் காரின் தரையை ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்திப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்றால் இன்னும் கவனம் வேண்டும், அதற்குச் சேசிஸ் தனி, அது அரித்துவிட்டால் செலவு எங்கேயோ போய்விடும்.

பேப்பர் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கார் செத்துப்போனவர் பெயரில் இருந்தால் வாரிசுகள் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய, சேசிஸும் பாடியும் என்ஜினும் பெரிதாக மாற்றப்படாத சொந்த உபயோக வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதிய 2021-இல் விதி வந்திருக்கிறது. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆகவே துருப்பிடித்த நம்பர் பிளேட்டைக்கூடக் கழற்றி எறியாதீர்கள். 1956 நவம்பர் 1 வரை நம் குமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, அதனால் மச்சில் இருக்கும் தகரப்பெட்டியில் மலையாளத்தில் எழுதிய ரசீது ஏதாவது கிடைத்தால், காருக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்காமல் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள்.